பேரைச் சொன்னால் பையனாகிவிடுவார்

பழைய காலத்துப் பாட்டிகளுக்கு ரேஷன் கடையில் ஒரு சங்கடம் உண்டு. "குடும்பத் தலைவர் பேர் என்னம்மா?" என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். "அதாம்ப்பா, பழனியில இருக்காரே, மயில் மேல ஒக்காந்துருப்பாரே" என்று குறிப்புக் கொடுப்பார்கள். கடைக்காரர்தான் யோசித்து 'முருகேசன்' என்று எழுதிக்கொள்ள வேண்டும். பாட்டி பேரைச் சொன்னால் தாத்தாவுக்கு ஆயுசு குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

அது பாட்டியின் பிரச்சினை. தாத்தாவே தன் பேரைச் சொல்லிக்கொள்ள முடியாது என்றால்? அப்படி ஒரு ஜென்மம்தான் 2019 ஏப்ரலில் வந்த 'ஷசாம்!' படத்தின் நாயகன். பில்லி பேட்சன் என்ற பதினாலு வயதுப் பையன் 'ஷசாம்' என்று கத்தினால் இடி இறங்கும். சிவப்பு உடையும் வெள்ளைத் துப்பட்டாவுமாக ஆறடிக்கு மேல் வளர்ந்த மாவீரனாகிவிடுவான். இன்னொரு தடவை கத்தினால் மறுபடி இடி, மறுபடி பையன். ஆக, யாராவது "சார், நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டு, அவரும் மரியாதையாகப் பதில் சொன்னால், எதிரில் ஸ்கூல் பையோடு ஒரு பொடியன் நிற்பான்.

அதனால் படம் முழுக்க அவருக்குப் பேர் தேடும் படலம். கூடப் படிக்கும் ஃப்ரெடி 'தண்டர்கிராக்' என்கிறான், 'ரெட் சைக்ளோன்' என்கிறான், 'கேப்டன் ஸ்பார்க்கிள்ஃபிங்கர்ஸ்' என்கிறான். கடைசியாகச் சொன்னதை மத்தாப்பு விரல் கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் ஒட்டவில்லை.

படம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, இவர் பேரு என்ன?"

"ஷசாம்டா."

"அது அந்தக் குகையில இருந்த தாத்தா பேரு மாமா. இவரு பேரு?"

அவன் சொன்னது சரி. ஷசாம் என்பது சக்தியைக் கொடுத்த மந்திரவாதியின் பேர். வாங்கிக்கொண்டவருக்குப் படத்தில் பேரே இல்லை. திரைக்கதை எழுதியவரின் குறும்பு என்று நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தோண்டினால் கிடைத்தது எண்பது வருஷத்து வில்லங்கம். இவருக்குப் பேர் இருந்தது. நல்ல பேர். பட்டா, சிட்டா, மூலப்பத்திரம் எல்லாவற்றோடும் இருந்தது. அதைப் பறித்தது வில்லன் இல்லை, வக்கீல்கள்.

ஆதியிலிருந்து ஆரம்பிப்போம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வில்ஃபோர்ட் ஃபாசெட் என்ற முன்னாள் ராணுவ கேப்டன், தன்னைப் போல் படையிலிருந்து திரும்பியவர்களுக்காக ஒரு ஜோக் பத்திரிகை ஆரம்பித்தார். பேர் 'கேப்டன் பில்லீஸ் விஸ் பேங்'. விஸ் பேங் என்பது போர்க்களத்தில் விஸ்ஸென்று வந்து டமாலென்று வெடிக்கும் குண்டுக்குச் சிப்பாய்கள் வைத்த செல்லப்பேர். உள்ளே இருந்த ஜோக்குகள், வீட்டில் பெரியவர்கள் வரும்போது தலையணைக்கு அடியில் போகும் ரகம். அந்தக் காசில் வளர்ந்தது ஃபாசெட் பதிப்பகம். குழந்தைகளுக்கான மாவீரன் எந்தப் பரம்பரையில் பிறந்தான் என்பதைப் பெண் பார்க்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

1938-இல் சூப்பர்மேன் வந்து கல்லா நிரப்ப ஆரம்பித்ததும், அமெரிக்காவில் அச்சு இயந்திரம் வைத்திருந்த எல்லாருக்கும் திடீரென்று பறக்கும் மனிதன் மேல் பாசம் வந்தது. ஃபாசெட்டுக்கும் வந்தது. எழுத்தாளர் பில் பார்க்கர் ஆறு வீரர்கள் கொண்ட ஒரு குழுவை யோசித்தார். ஆளுக்கு ஒரு புராண சக்தி. மேலிடம் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆறையும் ஒரே ஆளுக்குள் அடைக்கச் சொல்லிவிட்டது. தாலி மீல்ஸ் கேட்டவருக்கு எல்லாவற்றையும் பிசைந்து ஒரே உருண்டையாகக் கொடுத்த மாதிரி. சாலமனின் அறிவு, ஹெர்குலிஸின் பலம், அட்லஸின் தெம்பு, ஸீயஸின் சக்தி, அக்கிலிஸின் துணிச்சல், மெர்குரியின் வேகம். ஆங்கிலத்தில் இந்த ஆறு பேரின் முதலெழுத்தைச் சேர்த்தால் ஷசாம். ஒரு யூத ராஜா, மிச்சம் கிரேக்க, ரோமானியக் கோஷ்டி. கூட்டணி ஆட்சியில் வழக்கம்போல அறிவு இலாகாவுக்குத்தான் வேலை குறைவு.

படம் வரைந்தவர் சி. சி. பெக். வீரனின் முகத்துக்கு அன்றைய நடிகர் ஃபிரெட் மெக்மர்ரேயை மாதிரியாக எடுத்துக்கொண்டார். பையனுக்குப் பேர் பில்லி. முதலாளியின் பட்டப்பேரும் பில்லி. வேலையில் நீடிக்க விரும்பியவர்கள் வைத்த பேர்.

வீரனுக்கு முதலில் வைத்த பேர் 'கேப்டன் தண்டர்'. மாதிரிப் பிரதி எல்லாம் அச்சடித்துப் பதிவு பண்ணப் போனால், அந்தப் பேர் வேறொருவரிடம் இருந்தது. பத்திரிகைக்கு யோசித்த 'ஃபிளாஷ் காமிக்ஸ்' என்ற பேரும் போய்விட்டிருந்தது. இந்தக் கதையில் பேர் தொலைவது இது முதல் தடவை. விரல் விட்டு எண்ணுகிறவர்கள் ஒரு கையோடு நிறுத்த வேண்டாம். 'கேப்டன் மார்வலஸ்' என்று யாரோ சொல்ல, வாலை வெட்டி 'கேப்டன் மார்வெல்' ஆக்கினார்கள். 1940 பிப்ரவரி தேதியிட்டு 'விஸ் காமிக்ஸ்' வந்தது. அதுதான் முதல் இதழ். ஆனால் மாதிரிப் பிரதியையும் சேர்த்து எண்ணியதால் கணக்கில் இரண்டாவது. அட்டையில் நம்மாள் ஒரு காரைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறார். சூப்பர்மேனின் முதல் அட்டையிலும் கார்தான், தூக்கிக்கொண்டு நிற்பார். ஒருவர் தூக்கினார், ஒருவர் எறிந்தார். இந்த வித்தியாசம் கோர்ட்டில் எடுபடுமா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கதை பிய்த்துக்கொண்டு போனது. காரணம் சுலபம். சூப்பர்மேன் ஆக வேண்டுமென்றால் வேறு கிரகத்தில் பிறந்திருக்க வேண்டும். கேப்டன் மார்வெல் ஆவதற்கு ஒரு வார்த்தை போதும். அமெரிக்கா முழுக்கப் பொடியன்கள் மொட்டை மாடியில் நின்று அந்த வார்த்தையைக் கத்திப் பார்த்திருப்பார்கள். எல்விஸ் பிரஸ்லிகூடச் சின்ன வயதில், நம்மாளின் இளைய கூட்டாளியான கேப்டன் மார்வெல் ஜூனியரின் பரம ரசிகர். நெற்றியில் விழும் அந்தச் சுருள் முடியும் பிற்காலத்துத் துப்பட்டாவும் அங்கிருந்துதான் வந்தன என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. இந்த ஜூனியர் இன்னும் பாவம். அவர் உருமாற வேண்டுமானால் 'ஷசாம்' இல்லை, 'கேப்டன் மார்வெல்' என்று சொல்ல வேண்டும். ஆகவே தன் முழுப்பேரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியாத முதல் வீரர் என்ற பெருமை அவருக்கு. 2019 படத்தின் ஜோக்கை 1940-களிலேயே போட்டுவிட்டார்கள்.

எனக்கு இந்தக் காமிக்ஸில் பிடித்ததே அதன் கூச்சமில்லாத கிறுக்குத்தனம்தான். டாக்டர் சிவனா என்று ஒரு வழுக்கைத்தலை விஞ்ஞானி. தமிழ்க் காதுக்கு அது பேராகவே படாது, 'சிவனா?' என்று யாரோ சந்தேகம் கேட்கிற மாதிரி இருக்கும். இவர் நாயகனைத் திட்டும்போது 'பெரிய சிவப்புச் சீஸ்' என்பார். 1947-இல் டாக்கி டானி என்றொரு புலி வந்தது. கோட்டு சூட்டு போட்டு, இரண்டு காலில் நடந்து, மரியாதையாகப் பேசி, ஊரோடு ஒத்து வாழ ஆசைப்பட்ட புலி.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மிஸ்டர் மைண்ட். 1943-இல் தொடங்கி இரண்டு வருஷம், இருபத்தைந்து அத்தியாயம் ஓடிய தொடர். உலகத்துக் கெட்டவர்களையெல்லாம் திரட்டி ஆட்டிவைக்கும் ஒரு மர்மக் குரல். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். வாசகர்கள் நகம் கடித்துக் காத்திருந்தார்கள். ஆள் தெரிந்ததும் பார்த்தால் புழு. கண்ணாடி போட்ட, கழுத்தில் சின்ன ஒலிபெருக்கி மாட்டிய, விரல்கடை அளவுப் பச்சைப் புழு. கத்திரிக்காய் நறுக்கும்போது நம் வீட்டில் தினம் ஒன்றை விசாரணையில்லாமல் அனுப்பிவைக்கிறோம். அவர்கள் முறைப்படி வழக்கு நடத்தித் தீர்ப்புச் சொல்லி மின்சார நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

1944-இல் 'கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ்' சுமார் 1.4 கோடி பிரதிகள் விற்றது. சூப்பர்மேனையே தாண்டிய விற்பனை. சூப்பர்மேன் வீட்டாருக்கு வயிற்றெரிச்சல் அதற்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. அதற்குச் சினிமாவும் காரணம். ரிபப்ளிக் பிக்சர்ஸ் கம்பெனி சூப்பர்மேனை வைத்துத் தொடர்படம் எடுக்கப் போய்ப் பேச்சு முறிந்து, பெண் வீட்டை மாற்றிக்கொண்டு ஃபாசெட் வாசலுக்கு வந்தது. 1941-இல் பன்னிரண்டு பாகமாக வெளியான 'அட்வென்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்', காமிக்ஸ் மாவீரன் ஒருவன் நிஜ மனிதனாகத் திரையில் வந்த முதல் படம். நடித்தவர் டாம் டைலர், கௌபாய்ப் படங்களில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தவர்.

பறக்கும் காட்சிகளுக்கு லைடெக்கர் சகோதரர்கள் செய்த உபாயம் இன்றைக்குப் பார்த்தாலும் அசத்தும். ஆள் உயரத்துக்கும் மேலே காகிதக்கூழ் பொம்மை ஒன்று செய்து, உடை மாட்டி, மலைக்கும் மலைக்கும் நடுவில் கம்பி கட்டி, அதில் வழுக்கிவிட்டார்கள். கைகளை முன்னால் நீட்டி, முதுகை வில்லாக வளைத்து, துப்பட்டா படபடக்க பொம்மை வரும். நல்ல வெயிலில், பின்னால் நிஜ மேகத்தோடு. இறங்கும் இடத்தில் வெட்டிவிட்டு, டைலரை ஒரு மேட்டிலிருந்து குதிக்கச் சொன்னால் ஆயிற்று. ஆனால் டைலரின் கேப்டன் மார்வெல் கொஞ்சம் கைநீளம். முதல் பாகத்திலேயே தப்பி ஓடுகிறவர்களை மெஷின்கன்னால் முதுகில் சுடுகிறார். சாலமனின் அறிவு அன்றைக்கு லீவு.

தொடர்படம் வந்த வருஷமே சூப்பர்மேன் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. பிராது ஒரு வரிதான்: இவன் எங்கள் ஆளின் காப்பி. அதற்கு ஆதாரமாகச் சூப்பர்மேன் செய்ததையும் மார்வெல் செய்ததையும் கட்டம் கட்டமாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். வளர்ந்த மனிதர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே, இவரும் பறக்கிறார், அவரும் பறக்கிறார்" என்று வாதாடும் காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வாய்தா மேல் வாய்தா வாங்கி விசாரணை 1948-இல்தான் நடந்தது. முதல் சுற்றில் நீதிபதி சொன்னது பட்டிமன்றத் தீர்ப்பை மிஞ்சியது: ஆமாம், காப்பிதான், ஆனால் சூப்பர்மேன் செய்தித்தாளில் தொடராக வந்தபோது காப்புரிமைக் குறிப்பை ஒழுங்காக அச்சிடவில்லை, அதனால் உரிமை போச்சு. திருடியது உண்மை, ஆனால் வீட்டுக்காரர் பூட்டவில்லையே என்ற கணக்கு. அப்பீல் போனது. 1951-இல் அதை விசாரித்த நீதிபதியின் பேர் லேர்னட் ஹேண்ட். தமிழில் 'கற்றறிந்த கை'. நான் வைத்த பேர் இல்லை, நிஜமாகவே அதுதான். அவர், உரிமை போகவில்லை, எந்தெந்தக் கதை எந்தெந்தக் கதையின் காப்பி என்று போய் எண்ணிப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

யார் எண்ணுவது? போர் முடிந்து காமிக்ஸ் விற்பனை படுத்துக்கொண்டிருந்தது. ஃபாசெட்டுக்கு அலுத்துவிட்டது. 1953-இல் 4 லட்சம் டாலரை வைத்துவிட்டு, இனிமேல் இவனை அச்சிட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. பன்னிரண்டு வருஷ வழக்கு. சிவனா எத்தனையோ ராக்கெட் விட்டும், புழு உலகத்தையே திரட்டியும் முடியாத காரியத்தை ஒரு சமரசப் பத்திரம் முடித்தது. கதைகளில் பெரும்பகுதியை எழுதிய ஆட்டோ பைண்டர் பிழைப்புக்காகச் சூப்பர்மேன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். இந்த வீட்டில் நாயகனுக்கு மேரி மார்வெல் என்று ஒரு தங்கச்சியைக் கொண்டுவந்தவர், அந்த வீட்டில் 1959-இல் 'சூப்பர்கேர்ள்' என்று ஒரு தங்கச்சியைக் கொண்டுவந்தார். காப்பி என்று இந்தத் தடவை யாரும் வழக்குப் போடவில்லை.

ஆள் போனதும் நடந்ததுதான் வேடிக்கை. பூட்டிய வீடு என்றால் ஊரில் சும்மா விடுவார்களா? இங்கிலாந்தில் இந்தக் காமிக்ஸை மறுபதிப்புப் போட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்த பதிப்பாளருக்குச் சரக்கு நின்றுபோனது. மிக் ஆங்லோ என்பவரைப் பிடித்து, 1954-இல் 'மார்வெல்மேன்' என்று புது ஆளை இறக்கினார்கள். முடியின் நிறம் வேறு, உடையின் நிறம் வேறு, மந்திரம் 'கிமோட்டா'. 'அட்டாமிக்' என்பதைத் திருப்பிப் போட்டுக் கொஞ்சம் தேய்த்தது. பிறகு அவர் அமெரிக்காவுக்கு வந்தபோது, மார்வெல் என்ற பேர் எங்களுடையது என்று மார்வெல் காமிக்ஸ் என்ற வேறொரு கம்பெனி கண்ணை உருட்ட, 'மிராக்கிள்மேன்' ஆனார். காப்பியின் பேரும் பறிபோனது.

1966-இல் ஒரு சின்னக் கம்பெனி, காலியாகக் கிடந்த 'கேப்டன் மார்வெல்' பேரை எடுத்து ஒரு ரோபோவுக்கு வைத்தது. இவர் 'ஸ்ப்ளிட்' என்று கத்துவார். கை தனியாக, கால் தனியாக, தலை தனியாகக் கழன்று பறக்கும். 'ஸாம்' என்றால் திரும்ப ஒட்டும். பறந்து போன கை எந்தப் பக்கம் போயிற்று என்று தலை தேடிக்கொண்டு போகும் அந்தக் காமிக்ஸ் சில இதழ்களிலேயே தன் எல்லா உறுப்புகளோடும் அடங்கியது.

மறு வருஷம் மார்வெல் காமிக்ஸ் முழித்துக்கொண்டது. நம் பேரில் ஒருத்தன் ஊரில் திரிவதா என்று 1967-இல் தானே ஒரு கேப்டன் மார்வெலை உருவாக்கி டிரேட்மார்க்கைப் பிடித்தது. வேற்றுக்கிரகவாசி. பேர் 'மார்-வெல்', நடுவில் கோடு போட்டால் வேற்றுக்கிரகம். டிரேட்மார்க் என்பது புறம்போக்கில் போட்ட குடிசை மாதிரி. ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் கதை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பேரில் யாராவது ஒருவரைக் குடியமர்த்தி விளக்கேற்றி வைத்தார்கள். 1982-இல் மார்-வெல்லைப் புற்றுநோயில் சாகடித்த கையோடு மோனிகா ராம்போ என்ற புது வீராங்கனைக்குப் பேரைக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் 1972-இல் உச்சகட்டம். சூப்பர்மேன் வீட்டாரான டிசி காமிக்ஸ், தாங்கள் அடித்துத் துரத்திய அதே கேப்டன் மார்வெலை ஃபாசெட்டிடமிருந்து வாடகைக்கு எடுத்தது. அண்ணன் தம்பி வழக்கில் ஜெயித்த அண்ணன், தம்பி பிள்ளையைத் தத்து எடுப்பதுபோல. கூட்டிவந்து பேர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தால், பேர் பக்கத்துத் தெருவில் மார்வெல்காரர்களிடம் இருக்கிறது. கதைக்குள் கூப்பிடலாம், அட்டையில் போட முடியாது. மந்திரத்தையே தலைப்பாக வைத்து 'ஷசாம்!' என்று பத்திரிகை ஆரம்பித்தார்கள். அட்டையின் மூலையில் 'ஒரிஜினல் கேப்டன் மார்வெல்' என்று சின்னதாக ஒரு வரி போட்டுப் பார்த்தார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்து அதுவும் போயிற்று. பழைய பெக்கையே கூப்பிட்டு வரையச் சொன்னார்கள். பத்து இதழ் வரைந்தார். கதைகள் சகிக்கவில்லை என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கதைகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பொறுமைசாலி.

அட்டையில் ஒரு பேர், உள்ளே ஒரு பேர் என்று நாற்பது வருஷம் ஓடியது. கடையில் வாங்குகிறவர்கள் எல்லாம் இவரை ஷசாம் என்றே கூப்பிட, 2012-இல் டிசியும் அலுத்துப்போய், ஆளின் பேரே ஷசாம் என்று மாற்றிவிட்டது. அதே 2012-இல் மார்வெலில் கேரல் டான்வர்ஸ் என்ற பெண் 'கேப்டன் மார்வெல்' என்று பட்டம் கட்டிக்கொண்டார்.

இப்போது படத்துக்கு வருவோம். 2019 மார்ச் 8-ஆம் தேதி மார்வெல்காரர்களின் 'கேப்டன் மார்வெல்' வந்து 110 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. நாலே வாரம் கழித்து அசல் கேப்டன் மார்வெல், பேரைப் பறிகொடுத்துவிட்டு, 'ஷசாம்!' என்று வந்து சுமார் 36 கோடி சம்பாதித்தார். இரண்டு படத்திலும் ஜைமன் ஹூன்சூ இருக்கிறார்; அங்கே வேற்றுக்கிரகப் போர்வீரர், இங்கே குகையில் தாடி வைத்த மந்திரவாதி. தகராறு நடக்கும் இரண்டு வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்த ஒரே புண்ணியவான்.

36 கோடிக்கு இந்தப் படம் மோசமில்லை. டேவிட் சாண்ட்பெர்க் அதுவரை பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர், சிரிக்கவைக்கத் தெரிந்திருக்கிறது. பெரிய உடம்புக்குள் சின்னப் பையன் இருந்தால் என்ன செய்வான் என்பதை ஸக்கரி லெவி யோக்கியமாகச் செய்தார். முதல் வேலையாகக் கடையில் போய் பீர் வாங்குகிறான். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்புகிறான். ஃபிலடெல்ஃபியாவில் 'ராக்கி' பட நாயகன் ஓடி ஏறிய அந்த மியூசியம் படிக்கட்டில் நின்று விரலில் மின்னல் விட்டு வித்தை காட்டுகிறான். உலகத்தைக் காக்க வந்த சக்தியை வைத்து வருகிறவர் போகிறவர் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கிறான். கடைசிச் சண்டையில் சிவனா வெகு தூரத்தில் வானத்தில் மிதந்துகொண்டு நீளமாக வசனம் பேசுகிறார். இவனுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. நம் வில்லன்கள் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு ஃபிலிம் மிச்சமாகியிருக்கும்! சுரங்க ரயிலில் ஏறிக் குகைக்குப் போகும் வழிகூட 1940-இல் பார்க்கர் போட்ட அதே தடம். முடிந்து பேர்கள் ஓடும்போது அந்தப் புழுவும் தலைகாட்டுகிறது. 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே அதற்கு நான் செய்யும் மரியாதை.

முதல் பாகத்தில் கடைசிக் காட்சி ஸ்கூல் சாப்பாட்டுக் கூடம். ஃப்ரெடி தனக்கு மாவீரன் ஒருவன் சிநேகிதன் என்று சொல்லி, யாரும் நம்பாமல், தட்டோடு உட்கார்ந்திருக்கிறான். நம்மாள் முழு உடுப்போடு உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறார். இன்னொரு சிநேகிதனையும் கூட்டி வந்திருக்கிறேன் என்கிறார். கையில் சாப்பாட்டுத் தட்டோடு, நீல உடை, சிவப்புத் துப்பட்டா, மார்பில் அந்த எழுத்து, சாட்சாத் சூப்பர்மேனே வந்து நிற்கிறார். பன்னிரண்டு வருஷம் கோர்ட்டுக்கு இழுத்தவர். நடிகர் கிடைக்காததால் ஒப்புக்கு ஒருவருக்கு உடுப்பை மாட்டி, கேமராவைக் கழுத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

"மாமா, அவருக்குத் தலை எங்க?" என்றான் அக்கா மகன்.

பேர் இல்லாதவரும் தலை இல்லாதவரும் ஒரே மேஜையில். விளக்கு போட்டுவிட்டார்கள், பாப்கார்ன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தோம்.